என்னத்தை வரையறது?

டிஸ்கி: இது ஓவியம் கற்றுக்கொடுக்கும் கட்டுரை இல்லை. எனக்கே இன்னும் வானத்தை ஒரே சீராகப் பூச வராது. "பிரஷ் எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்க வந்தவர்கள் இப்படியே திரும்பிப் போய்விடலாம். "பிரஷ் பிடிச்சாச்சு, பேப்பரும் இருக்கு, என்னத்தை வரையறது?" என்று முழிப்பவர்கள் மட்டும் உள்ளே வரவும் :-)

போன செமஸ்டர் லீவில் எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. டியூஷன் எடுத்த காசில் பூந்தமல்லி போய் 12 கலர் வாட்டர் கலர் டியூப் பெட்டி ஒன்று, 6-ம் நம்பர், 10-ம் நம்பர் பிரஷ்கள், கொஞ்சம் தடிமனான டிராயிங் நோட்டு ஒன்று வாங்கி வந்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "ஸ்கூல் படிக்கும்போது வாங்கிக் கொடுத்த கலர் பென்சிலே இன்னும் சீவாம கெடக்கு" என்றார். காதில் வாங்கவில்லை. கலைஞர்களுக்கு இதெல்லாம் சகஜம்.

முதல் படம் சூரிய அஸ்தமனம். உங்களுக்குத் தெரிந்த அதே அஸ்தமனம்தான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, ஆற்றில் ஒரு படகு, ஓரத்தில் வளைந்த தென்னை, மேலே டிக் மார்க் போட்டது மாதிரி நாலு பறவை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. ஆரஞ்சு தீர்ந்தபோது ஊதா வானம். இப்படி மொத்தம் 11 அஸ்தமனம் வரைந்தேன்.

காலேஜ் திறந்ததும் நோட்டைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். என் பெஞ்சில் உட்காரும் தோழி நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. எந்த ஊரு இது?" என்று கேட்டாள்.

"சும்மா வரைஞ்சது."

"கேரளாவா?"

"இல்ல. நான் கேரளா போனதில்ல."

"அப்ப இந்தப் படகு?"

படகில் நான் ஏறியதே இல்லை. எங்கள் வேலப்பன்சாவடிப் பக்கம் ஓடுகிற ஒரே ஆறு கூவம். அதில் யாரும் படகு விட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்காது. பெங்களூரு ரோட்டில் வரிசையாகப் போகிற லாரிகளுக்கும் குடோன் கூரைகளுக்கும் பின்னால் புழுதியோடு இறங்கும். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே ஊர் பெயர் கேட்டாள். அதனால்தான் அதிகமாக உறைத்தது. 11 படம் வரைந்திருக்கிறேன், அதில் ஒன்றில்கூட நான் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லை!

சரி, இனி உருப்படியாக ஏதாவது வரைவோம் என்று உட்கார்ந்தபோதுதான் பிரச்சினையே ஆரம்பித்தது. எப்படி வரைவது என்று சொல்லித்தர யூட்யூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை வரைவது என்று சொல்ல ஒருத்தர்கூட இல்லை. நானும் சும்மா இருக்கவில்லை. பட்ட பாட்டை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பின்ட்ரெஸ்ட். "ஐடியா" என்று தேடினால் கொட்டுகிறது. சேர்த்தேன், சேர்த்தேன், சேர்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரத்தில் 400 படம் சேர்ந்தது. வரைந்தது பூஜ்யம்.

அடுத்து தினம் ஒரு தலைப்பு. அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-ல் ஆரம்பித்த 'இங்க்டோபர்' மாதிரி, அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு சொல் கொடுத்து வரையச் சொல்லும் பழக்கம் உலகம் பூராவும் இருக்கிறது. நல்ல பழக்கம்தான். நானும் இணையத்தில் ஏதோ ஒரு பட்டியலைப் பிடித்தேன். முதல் நாள் பனிப்பொழிவு. இரண்டாம் நாள் நரி. வேலப்பன்சாவடியில் பனிக்கும் நரிக்கும் எங்கே போவேன்? மறுபடியும் கூகுளைப் பார்த்து வரைந்தால் அது பழைய படகு கதைதான்.

மூன்றாவதாக, பெரிய விஷயமாக வரையலாம் என்று மெரினாவுக்குப் போனேன். உழைப்பாளர் சிலைக்கு எதிரில் உட்கார்ந்தேன். நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டுகிற சிலை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தது. அந்த நாலு உடம்பின் தசைகளைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, ஒரு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். (இந்தச் சிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.)

நாலாவது, திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் கோபுரம். பக்கத்து ஊர்தானே, நடந்தே போய்விடலாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததில் ஒரு வரிசைச் சிலைகளில் மூன்றுதான் முடிந்தது. மூன்றாவது சிலைக்கு நாலு கை வந்திருக்க வேண்டும். எனக்கு ஐந்து வந்திருந்தது.

அப்புறம்தான், நமக்கு முன்னால் வரைந்தவர்கள் எதை வரைந்தார்கள் என்று பார்க்கலாமே என்று தோன்றியது.

கோபுரத்தில் நான் தோற்றதால் முதலில் சில்பி. 1983-ல் மறைந்தவர். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு நேர் எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தவர். எங்கள் தாத்தா பைண்ட் பண்ணி வைத்திருந்த பழைய விகடன் பக்கங்களில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். கல்லில் இருக்கிற ஒட்டியாணத்தின் ஒரு மணியைக்கூட விட்டிருக்க மாட்டார். அது வாழ்நாள் வேலை. நான் இரண்டு மணி நேரத்தில் கோபுரத்தையே முடிக்கப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மனோகர் தேவதாஸ். இவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். ஏனென்றால் இவர் ஓவியக் கல்லூரியில் படித்தவர் இல்லை. 1936-ல் மதுரையில் பிறந்து, அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னையில் ஒரு பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் பேனாவும் மையும் வைத்து வரைந்தார். என்ன வரைந்தார்? பெரும்பாலும் மதுரை. தான் வளர்ந்த ஊரின் கோயில், தெரு, யானைமலை, சுற்றியிருந்த வயல். ஊரை விட்டு வந்து பல வருஷம் கழித்தும் திரும்பத் திரும்ப அதையே வரைந்தார். அவருக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்கிற கண் நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும். மனைவி மஹிமாவுக்கோ 1972-ல் நடந்த கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அப்படியும் விடவில்லை. இவர் படத்தை வரைய, அந்த அம்மா அதற்கு எழுத, இரண்டு பேரும் சேர்ந்து வாழ்த்து அட்டைகள் போட்டு அந்தப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள். 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் மறைந்தார். கண் சுருங்கிக்கொண்டே போன ஒருவருக்கு வரைய விஷயம் தீரவே இல்லை. எனக்கு இரண்டு கண்ணும் ஜம்மென்று இருக்கிறது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை!

மூன்றாவது, நம் எல்லோருக்கும் தெரிந்த எஸ். இளையராஜா. பாட்டுக்காரர் இல்லை, ஓவியர். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார். அவர் படத்தை ஃபோட்டோ என்று நினைத்து நம்மில் பாதிப் பேர் ஷேர் பண்ணியிருக்கிறோம். கிராமத்து வீடு, அடுப்படி, திண்ணை, ஜன்னலோரம் நிற்கிற பெண், அவள் கன்னத்தில் விழுகிற வெளிச்சம், அவ்வளவுதான். அது அவர் பிறந்து வளர்ந்த உலகம்.

வெளிநாட்டில் ஒருவர், ஜோர்ஜோ மொராண்டி. 1890-லிருந்து 1964 வரை வாழ்ந்த இத்தாலிக்காரர். பொலோனியா என்கிற ஊரில், சகோதரிகளோடு இருந்த வீட்டில், தன் படுக்கையறையிலேயே உட்கார்ந்து, பாட்டில், ஜாடி, டப்பா இவற்றையே பல பத்து வருஷம் வரைந்தவர். இடத்தை மாற்றி வைப்பார், வெளிச்சம் மாறும், மறுபடி வரைவார். அவற்றின் மேல் படிந்த தூசியைக்கூடத் துடைக்க விடமாட்டாராம். எங்கள் அம்மா மட்டும் அந்த வீட்டில் இருந்திருந்தால் உலகத்துக்கு மொராண்டியே கிடைத்திருக்க மாட்டார்.

இந்த நாலு பேருக்கும் ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை. ஆனால் யாருமே 'நல்ல ஐடியா' தேடி அலைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. கைக்கு எட்டுகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதை விடாமல் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்த அதே வாரம் எங்களுக்கு ஆடிட்டிங் வகுப்பு. கிங்ஸ்டன் காட்டன் மில்ஸ் கேஸ், 1896. காமர்ஸ் மக்களுக்கு உடனே ஞாபகம் வரும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: மேனேஜர் சரக்கு இருப்பைக் கூட்டி எழுதிக் கொடுத்தார், ஆடிட்டர் அதை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டார். நம்பியது தப்பில்லை என்று கோர்ட் ஆடிட்டரை விட்டுவிட்டது. பின்னால் 1938-ல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்கிற மருந்துக் கம்பெனி, இல்லவே இல்லாத சரக்கை இருப்பதாகக் கணக்கில் காட்டியிருந்தது வெளியே வந்தது. அதற்கப்புறம்தான், ஆடிட்டர் காகிதத்தைப் பார்த்தால் போதாது, குடோனுக்கு நேரில் போய்ச் சரக்கு எண்ணுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிற வழக்கம் அங்கே உறுதியானது.

லெக்சரர் சொல்லச் சொல்ல எனக்குச் சுருக்கென்றது. அடப்பாவி, நானும் அடுத்தவர் எழுதிக் கொடுத்த ஸ்டாக் லிஸ்ட்டை வைத்துத்தானே இத்தனை நாள் வரைந்திருக்கிறேன்! மலை இருப்பு 2, படகு இருப்பு 1, தென்னை இருப்பு 1. குடோனுக்குள் நான் போய்ப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஸ்டாக் எடுத்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பொருள் என்ன, எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு அதன்மேல் வெளிச்சம் விழுகிறது. வாசலில் ஆரம்பித்து வீடு முழுக்க நடங்கள். அழகா இல்லையா என்று யோசிக்காதீர்கள், சரக்கு எடுப்பவனுக்கு அது வேலை இல்லை. எழுதிக்கொண்டே போங்கள். எனக்கு 41 வந்தது. செருப்பு ஸ்டாண்ட், தண்ணீர் கேன், இட்லிக் குண்டான், மாடிப்படிக்குக் கீழே சைக்கிள், பரண் மேல் அண்டா, ஜன்னல் கம்பியில் காயும் கரித்துணி...

பிறகு பட்டியலை வடிகட்டுங்கள். ஆரம்பத்தில் அசையாத பொருளாக இருக்கட்டும் (பூனை, தம்பி எல்லாம் வேண்டாம்). வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும், அப்போதுதான் நிழல் எங்கே என்று குழப்பம் வராது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பாருங்கள். எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று சட்டென்று தெரியும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் விவரமெல்லாம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். முதலில் அந்த இரண்டையும் பூசினால் போதும்.

இப்படி நான் வரைந்த முதல் பொருள் ஒரு வெங்காயம். சிரிக்காதீர்கள். அரை வெங்காயம்கூட இல்லை, முழு வெங்காயம், சாம்பாருக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால். வெங்காயத் தோல் ஒரே கலர் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் வைத்திருந்த எவர்சில்வர் தட்டின் கலர் அதன் அடிப்பக்கத்தில் தெரிந்தது. படம் சுமார்தான். ஆனால் தோழி பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்கவில்லை. "உங்க வீட்டுக் கிச்சனா?" என்றாள். அதுவே எனக்கு மெடல்.

ஒன்பது பொருள் ஆயிற்று. இதோடு கட்டுரையை முடித்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் ஆடிட்டிங்கில் இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பார்கள். லிஸ்ட்டில் இருக்கிற சரக்கு குடோனில் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. குடோனில் இருக்கிற சரக்கு லிஸ்ட்டில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் லிஸ்ட்டில் ஒன்று ஏறவில்லை. வேண்டுமென்றே விட்டது.

எங்கள் அப்பா தார்ப்பாய் தைக்கிறவர். மெயின் ரோட்டு ஓரத்தில் தகரக் கூரை போட்ட கடை. லாரியின் மேல் போட்டுக் கட்டுகிற படுதா கிழிந்தால் ஒட்டுப் போடுவது, புதிது தைப்பது, ஓரத்தில் கயிறு கோக்க வளையம் அடிப்பது, இதுதான் தொழில். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கடை இருக்கிறது. ஸ்கூல் படிக்கும்போது மெழுகு வாசனை அடிக்கிற படுதாக் குவியலின் மேல்தான் ஹோம்வொர்க் எழுதுவேன். காலேஜ் சேர்ந்ததும் நின்றுபோயிற்று. அட்மிஷன் ஃபாரத்தில் அப்பா தொழில் என்கிற இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதினேன். யாராவது என்ன பிசினஸ் என்று கேட்டால் 'டிரான்ஸ்போர்ட் லைன்' என்பேன். கிளாஸ் பிள்ளைகளோடு பஸ்ஸில் வரும்போது கடை வருகிற இடத்தில் போனைப் பார்ப்பேன். இதை இப்போது எழுதும்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் கிளாஸ்காரர்களும் இதைப் படிக்கிறார்கள். படிக்கட்டும்.

தொழில் முன்னே மாதிரி இல்லை. மூடிய கண்டெய்னர் வண்டிகளுக்குப் படுதாவே வேண்டாம். திறந்த லாரிக்கும் ரெடிமேட் பிளாஸ்டிக் ஷீட் வந்துவிட்டது. கிழிந்தால் தைக்க மாட்டார்கள், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். போன மார்கழியில் இடத்துக்காரர் வந்து, தை முடிவதற்குள் காலி பண்ணிக் கொடுங்கள், கட்டிடம் கட்டப் போகிறோம் என்றார். அவர் மேல் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை, அவர் இடம். அப்பா ராத்திரி சாப்பிடும்போது சாதாரணமாக அதைச் சொன்னார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார். யாரும் வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் நோட்டை எடுத்து 42 என்று போட்டு 'அப்பா மெஷின்' என்று எழுதினேன். நேரம் என்கிற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அந்த மெஷின்மேல் எத்தனை மணிக்கு வெளிச்சம் விழும்? இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை.

நாலு மணிக்கு விழுகிறது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாக, சக்கரத்தின் மேல்.

காலேஜ் விட்டதும் மூன்று நாள் அங்கே போய் உட்கார்ந்தேன். அப்பா முதல் நாள், "என்ன பாப்பா, பணம் ஏதாவது வேணுமா?" என்றார். வரைய வந்தேன் என்றதும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். ரோட்டுப் புழுதி ஈரப் பெயிண்டில் வந்து ஒட்டியது. துடைக்கப் போனால் அசிங்கமாகிறது, அப்படியே விட்டுவிட்டேன். கறுப்பு மெஷினைக் கறுப்பு டியூபால் பூசினால் ஓட்டை விழுந்த மாதிரி செத்துப்போய்த் தெரிகிறது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் உயிருள்ள கறுப்பு வருகிறது. சக்கரத்தில் மின்னுகிற இடத்தைப் பூசாமல் வெறும் பேப்பராகவே விட வேண்டும். டீ குடிக்க வந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டியையும் ஒண்ணு போடும்மா, நம்பர் பிளேட் தெளிவா இருக்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் முடித்து அப்பாவிடம் காட்டினேன். நல்லாருக்கு என்பார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாப்பா, இந்த மெஷின் தைக்காதே."

"ஏம்ப்பா?"

"நூல் கண்டுல இருந்து நேரா ஊசிக்கு வந்திருச்சு பாரு. நடுவுல டென்ஷன் எங்க? டென்ஷன் இல்லாம நூல் எப்படி நிக்கும்?"

நூல் எங்கெங்கே போய் வருகிறது என்று மெதுவாகக் கோத்துக் காட்டினார். கண்டிலிருந்து மேலே ஒரு கொக்கி, அங்கிருந்து இறங்கி இரண்டு சின்னத் தட்டுக்கு நடுவில், மறுபடி ஏறி மேலும் கீழும் ஆடுகிற கம்பியின் ஓட்டைக்குள், அதற்கப்புறம்தான் இறங்கி ஊசி. அந்தத் தட்டை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் தொழிலே என்றார். மெழுகுத் துணிக்கு ஒரு இறுக்கம், பிளாஸ்டிக் ஷீட்டுக்கு ஒரு இறுக்கம். விரலால் நூலை இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அதைச் சொன்னபோது அவர் குரல், எங்கள் லெக்சரர் பேலன்ஸ் ஷீட் டேலி ஆனதும் பேசுகிற குரல் மாதிரி இருந்தது. இருபது வருஷம் அந்த மெஷின் சத்தத்தில் வளர்ந்திருக்கிறேன். அதன் நூல் எந்த வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியாது. அந்த நூல் கட்டிய ஃபீஸில்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை நூலில் ஆரம்பித்தேன். அது போகிற வழி தெரிந்ததும் மெஷினின் ஒவ்வொரு பாகமும் எதற்கு அங்கே இருக்கிறது என்று புரிந்தது. புரிந்ததால் இடம் தப்பவில்லை. அப்பா பார்த்தார். "இப்ப தைக்கும்" என்றார். அவ்வளவுதான் விமர்சனம்.

தை கடைசி வாரத்தில் கடையைக் காலி பண்ணினோம். பெரிய மெஷினை, திருமழிசைப் பக்கத்தில் பை தைக்கிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். குட்டியானையில் ஏற்றிக் கயிறு கட்டும்போது அப்பாவே ஒரு பழைய படுதாவை எடுத்து அதன்மேல் போர்த்தி முடிச்சுப் போட்டார். இப்போது அவர் நசரத்பேட்டையில் வேறு ஒருவர் பட்டறைக்குச் சம்பளத்துக்குப் போகிறார். எட்டு மணிக்கு லஞ்ச் பாக்ஸோடு கிளம்புகிறார். அது அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். அப்பாவின் வாட்ஸ்அப் டிபியில் வருஷக் கணக்காகக் கருமாரியம்மன் படம்தான் இருந்தது. போன மாதம் பார்த்தால் என் மெஷின் படம்! அவருக்கு டிபி மாற்றத் தெரியாது. பட்டறையில் யாரோ ஒரு பையனிடம் கேட்டு மாற்றியிருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மெரினா சிலைக்கு வருகிறேன் என்றேன் இல்லையா? போன வாரம் அந்தப் பக்கம் போனேன். வரைய ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நான் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிய அன்றைக்கு, அப்பா கடையில் குனிந்து ஒரு படுதாவை இழுத்துக்கொண்டிருந்திருப்பார். சிலையில் பாறையைத் தள்ளுகிற ஆளின் முதுகும் அதே வளைவுதான். இந்தத் தடவை செல்ஃபி எடுக்கவில்லை. முதுகை மட்டும் பென்சிலில் போட்டுப் பார்த்தேன். சுமாராக வந்தது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வரைய எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஸ்டாக் எடுங்கள். எடுத்து முடித்ததும், எதை எழுதாமல் விட்டோம் என்று ஒரு தடவை பாருங்கள். அதையே முதலில் வரைந்துவிட வேண்டாம், கை பழக ஒரு வெங்காயம், ஒரு சொம்பு போட்டுவிட்டுப் போங்கள். ஆனால் ரொம்ப நாள் தள்ளிப் போடவும் வேண்டாம். சில சரக்குகளுக்குத் தேதி இருக்கிறது, தை முடிவு மாதிரி.

என் லிஸ்ட்டில் இப்போது 43 எழுதியிருக்கிறேன். அப்பாவின் கை. அசையாத பொருள் வேண்டும் என்கிற என் விதிக்கு நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்கும்போதாவது ஒரு இடத்தில் இருக்கும் என்று பார்த்தால் ரிமோட், வேர்க்கடலை, தலை சொறிவது என்று நிற்கவே மாட்டேன் என்கிறது. மூன்று முறை போட்டுக் கிழித்தாயிற்று. கட்டை விரல் நகத்தில் ஊசி இறங்கிய பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. அதுவரைக்கும் சரியாக வந்திருக்கிறது.

பி.கு: அந்த டிரைவர் அண்ணனின் லாரியையும் வரைந்து வைத்திருக்கிறேன். நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறது. கடை போனதால் அவரை எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இப்போது போனைப் பார்க்காமல் ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் :-)